மாசிலாமணி ஒப்புவித்த பாடம்

மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயசு. தொழில், கிணற்றுக்கு உறை வார்ப்பது. கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்களே, அந்தச் சிமெண்டு வளையம். ஒன்று இருநூறு கிலோவுக்குக் குறையாது. அவர் இடதுகை மோதிர விரலில் மேல்கணு கிடையாது. அதுவும் தொழில் தின்றதுதான்.

இந்த மனிதர் இரண்டு வருஷமாக, பைபிளின் மூலமொழியான எபிரெயம் படிக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் படித்தார். சனிக்கிழமைதோறும் சர்ச் பக்கத்து அறையில் தெபொராள் டீச்சர் நடத்துகிற வகுப்பு. டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயசு இளையவர். வேதத்தின் மூல வார்த்தை ஒன்றைச் சொல்லி அவர் அர்த்தம் விரிக்க ஆரம்பித்தால், மாசிலாமணி வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். "அது தலையா, இல்ல அலமாரியா!" என்று கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லி மாய்ந்துபோவார்.

அந்தச் சனிக்கிழமை மாசிலாமணி வகுப்புக்கு வரவில்லை. சர்ச் கிணற்றுக்கு மூன்று உறை சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்கிற சாக்கில் வகுப்பு முடிந்ததும் டீச்சரே உறைக் களத்துக்கு வந்துவிட்டார்.

வந்த நேரம் மாசிலாமணி மகள் ஜெமிமாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, நான் பாக்கல. பீரோவுக்கு மேலே நல்லாத் தேடு."

பேசி முடித்துத் திரும்பினால் டீச்சர் நிற்கிறார். மாசிலாமணி முகத்தில் ஈயாடவில்லை.

"என்னத்தத் தேடுறா ஜெமிமா?"

"சர்டிபிகேட் ஃபைல், டீச்சர். சாயங்காலம் நாலு மணிக்கு ரயிலு. அசாம் பக்கம் மலையிலே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, நர்ஸ் வேலை. ஒரிஜினல் இல்லாமப் போனா சேத்துக்க மாட்டாங்க."

"ஃபைல் எங்கே போச்சு?"

மாசிலாமணியின் கண் சொன்ன பேச்சு கேளாமல் சிமெண்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தது. மூட்டைச் சந்தில் மஞ்சளாக ஒரு ஃபைல் துருத்திக்கொண்டிருந்தது. மகளிடம் சொன்னது பொய். பச்சைப் பொய். டீச்சர் அந்த ஃபைலைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். கேட்காததால் மனுஷன் உடைந்துபோனார்.

"பன்னிரண்டு வயசிலே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணின பிள்ளை, டீச்சர். தாயில்லாம வளத்தேன். நானும் கடவுள்கிட்ட ஒப்புவிக்காம இல்ல. வேதத்திலே, முப்பத்தேழாம் சங்கீதத்திலே 'உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவி'ன்னு இருக்கில்லா? தினமும் காலையிலே முழங்கால் போட்டு ஒண்ணு விடாம ஒப்புவிக்கேன். எந்திரிச்சா பாரம் அப்படியே இருக்கு. ஏன் டீச்சர்?"

"பள்ளிக்கூடத்திலே பாடம் ஒப்புவிச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் கடகடன்னு ஒப்புவிப்பேன்."

"ஒப்புவிச்ச பிறகு பாடம் எங்கே இருக்கும்?"

"தலையிலேதான். ஒப்புவிக்க ஒப்புவிக்க இன்னும் நல்லா ஏறி உக்காந்துக்கும்."

சொல்லிவிட்டு மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் குனிந்து மணலில் மூன்று எழுத்து எழுதினார், வலமிருந்து இடமாக.

"கோல்," என்று வாசித்தார் மாசிலாமணி. "பந்து விளையாடுற பயலுக கத்துவானுகளே, அந்த மாதிரி."

"அந்த உச்சரிப்புதான். நாம 'ஒப்புவி'ன்னு வாசிக்கிற இடத்திலே மூலத்திலே இருக்கிற வார்த்தை இது. கிணத்து வாயிலே கிடந்த கல்லை யாக்கோபு என்ன செஞ்சான்?"

"புரட்டினான்."

"அங்கேயும் இதே வேர்தான்."

கிணறு என்றதும் மாசிலாமணி நிமிர்ந்தார். "அப்போ 'உருட்டு'ன்னா எழுதியிருக்கு?"

"உருட்டுன்னுதான். எனக்கு அகராதி தெரியும், அண்ணாச்சி. உருட்டத் தெரியாது. நீங்க காட்டுங்க."

களம் மேட்டில் இருந்தது. சரிவுக்குக் கீழே சாலை. அங்கே கூட்டாளி சுடலைமுத்து கையில் ஒரு கட்டையோடு நின்றிருந்தார்.

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டினார். ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார் போல இருப்பார். கிடந்த உறைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். உள்ளங்கையால் ஒரு தட்டு. அவ்வளவுதான், இருநூறு கிலோவும் சொன்னபடி கேட்கிற கன்றுக்குட்டியாக அவர் கூடவே வந்தது. சரிவின் முனை வந்ததும் கையை எடுத்துவிட்டார். உறை தடதடவென்று தானாக ஓடியது. கீழே சுடலைமுத்து கட்டையைக் குறுக்கே போட்டு நிறுத்தினார்.

"அம்மாடி!" என்றார் டீச்சர். சின்னப் பிள்ளை மாதிரி கைகூடத் தட்டிவிட்டார். பிறகு கேட்டார். "தூக்கிக் கொண்டுபோய் வைக்க முடியாதா?"

"தூக்கினா இடுப்பு போயிரும். பாரம் கூடினா உருட்டத்தான் செய்யணும்."

"முனையிலே ஏன் கையை எடுத்தீங்க?"

மாசிலாமணி இடதுகையை நீட்டிக் காட்டினார்.

"ஒருநாள் எடுக்கலை. கீழே நின்னது புது ஆளு. பிடிப்பானோ மாட்டானோன்னு எனக்குச் சந்தேகம். நானும் பிடிச்சுக்கிட்டே கூட ஓடினேன். உறைக்கு ஒண்ணும் ஆகலை, டீச்சர். விரலுதான் போச்சு."

"அந்தப் புது ஆளு?"

"இந்தச் சுடலைமுத்துதான். அன்னைக்கும் சரியாத்தான் பிடிச்சான். முப்பது வருஷமா பிடிக்கான். இப்பல்லாம் நான் கீழே எட்டிக்கூடப் பாக்கிறதில்லை."

போன் அடித்தது. ஜெமிமாதான்.

மாசிலாமணி போனை எடுக்கவில்லை. கொட்டகைக்குப் போய், மூட்டைச் சந்திலிருந்து மஞ்சள் ஃபைலை உருவினார். மேலே படிந்திருந்த சிமெண்டுத் தூசியைத் துண்டால் துடைத்தார். துடைத்ததை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மூணு நாள் பயணம், டீச்சர். பாஷை தெரியாத ஊரு. அங்கே என் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

டீச்சர் அவருடைய அந்தக் குறைவிரலைப் பார்த்தார்.

"கீழே ஆள் இருக்கு, அண்ணாச்சி. கையை எடுங்க."