குறையில்லாத சிஸ்டம்

மணற்கோட்டை மன்னர் வேழமுடியாருக்கு அரண்மனைக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஆசை வந்துவிட்டது. எந்தக் காலத்தில் என்று கேட்காதீர்கள். கோட்டையில் கரண்ட் இருந்தது, அது போதும்.

எந்த சிஸ்டம் போடுவது என்பதில்தான் சபை மூன்றாக உடைந்தது.

"விண்டோஸ் போடுங்கள், மகாராஜா. எல்லா வேலையும் அதில் ஓடும், எல்லாருக்கும் பழக்கம்" என்றார் மந்திரி தாண்டவராயர்.

"வைரஸுக்கும் பழக்கம்" என்றார் சேனாபதி வல்லையன். "லினக்ஸ்தான் கோட்டை. சல்லிக்காசு வேண்டாம். நம் இஷ்டத்துக்குப் பிரித்து மாட்டலாம்."

"பிரித்துப்போட்டுவிட்டு யாரைத் தேடுவது?" என்றார் ராணியின் தம்பி சித்ரசேனர். "மேக் வாங்குங்கள், அத்தான். என்ன லட்சணம்! திறந்தால் வேலை செய்யும்."

"கஜானாவையும் திறந்தே வைக்கவேண்டும்" என்றார் மந்திரி.

மூன்று நாளாக இதே கூச்சல். மந்திரிக்கு விகடகவி அம்பலக்கூத்தர் மேல் பழைய காய்ச்சல் ஒன்று இருந்தது. "கூத்தரே தீர்ப்புச் சொல்லட்டும். குறையே இல்லாத சிஸ்டம் எதுவென்று நாளைக் காலை சொல்லவேண்டும். எவராவது அதில் ஒரு குறை கண்டாலும் கூத்தர் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

தலைவலியில் இருந்த மன்னர் "அப்படியே" என்று சொல்லிவிட்டார்.

கூத்தர் எதைச் சொன்னாலும் மற்ற இருவரும் குதறிவிடுவார்கள். போன வாரம்தான் புதுவீட்டுக்குக் கூரை போட்டிருந்தார். வீட்டுக்கும் போகப் பிடிக்காமல் யானைக்கொட்டில் பக்கம் நடந்தார். அங்கே முன்னாள் பொக்கிஷ அதிகாரி லத்தி அள்ளிக்கொண்டிருந்தார். மணற்கோட்டையில் அது பழைய சட்டம். யானை வாங்கும்போது எவர் அதை மெச்சினாரோ, அவரே ஒரு வருஷம் அதற்குப் பாகன். பாவம், போன மாசியில் தந்தம் அழகாக இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

கூத்தர் அங்கேயே நின்று சிரித்தார்.

மறுநாள் சபையில் வணங்கி, "மகாராஜா, யானைச் சட்டத்தைக் கம்ப்யூட்டருக்கும் நீட்டவேண்டும். எந்த சிஸ்டத்தை எவர் மெச்சுகிறாரோ, அது நின்றுபோனால் அவரே ஓடிப்போய்ச் சரிசெய்யவேண்டும். அந்தப்புரத்தில் பிரிண்டர் மக்கர் செய்தாலும், மடைப்பள்ளியில் பாஸ்வேர்டு மறந்தாலும்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. மன்னர் முத்திரை குத்தினார்.

"இனி மெச்சலாம், ஐயா" என்றார் கூத்தர்.

மந்திரி சேனாபதி பக்கம் கைகாட்டினார். "சேனாபதி சொன்ன லினக்ஸ்..."

"நான் எங்கே சொன்னேன்? மேக் நல்லது என்று இவர்தான்..."

"எனக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது, அத்தான்" என்றார் சித்ரசேனர்.

மன்னர் மீசையைத் தடவினார். "அது கிடக்கட்டும். குறையே இல்லாத சிஸ்டம் எது, கூத்தரே?"

"அடுத்தவர் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம், மகாராஜா. எதுவானாலும் சரி."

"இதில் யாராவது குறை காண்கிறீர்களா?" என்று மன்னர் மூவரையும் பார்த்தார். மூவரும் தரையைப் பார்த்தார்கள். மன்னர் கிரீடம் நழுவச் சிரித்தார். மூன்று நாள் மெச்சியதற்காக மூவருக்கும் அவரவர் சிஸ்டத்தையே கட்டிவைத்தார்.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்? பொன்னா, பூமியா?"

கூத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகே போய் மெல்லச் சொன்னார்: "எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது என்று ஒரு அரசாணை போதும், மகாராஜா."