சைலன்சருக்குள் இருந்த பஞ்சு

கோயமுத்தூரில் சைலன்சர் வேலைக்கு ஹசீனாவை விட்டால் ஆளில்லை. வயது இருபத்தொன்பது. அவளிடம் தொழில் கற்க வந்த மாரப்பனுக்கு அறுபத்தொன்று. குருவுக்கு வயது போதாது என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும்.

எட்டு மாதம் போல்ட் கழற்றினார், துரு தேய்த்தார். எதற்கு வந்தீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் மகன் பிரகதீஷின் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மகன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அம்மிணி, கம்பெனி சைலன்சரைத் தூக்கிப் போட்டுட்டு அவனே ஆசையா வாங்கி மாட்டுனதுங்க இது. தெருமுனையில திரும்பறப்பவே பையன் வந்துட்டான்னு தெரியும். இப்பக் கரகரங்குது. ஏனுங்க சத்தம் மாறுது? இதைச் சரிபண்ணத்தான் நான் தொழிலே கத்துக்க வந்தேன்."

ஹசீனா வண்டிக்கு அடியில் போனாள். சைலன்சரைக் கழற்றினாள். ரிவெட்டுகளை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு குழாய். அதைச் சுற்றி கிளாஸ் வுல், அந்த வெள்ளைப் பஞ்சு, இருக்க வேண்டும். தட்டினாள். கருந்தூள்தான் மாரப்பன் கையில் கொட்டியது.

"சத்தத்தைப் பதமா வெச்சிருந்தது இந்தப் பஞ்சுதாங்கய்யா. இன்ஜின் ஓட ஓட சூட்டுல கருகி, புகையோட வெளிய போயிரும். வண்டிய யாரு ஓட்டறது?"

"யாரும் ஓட்டறதில்லீங்க. தெனமும் காலைல ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைப்பேன், கால்மணி நேரம். அவங்கம்மா உள்ள இருந்து கேட்டுட்டு இருப்பா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அடக் கடவுளே! நானேதான் எரிச்சுட்டனா?"

அவள் புதுப் பஞ்சை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சுத்துங்கய்யா. சத்தம் நல்லா வரும்."

"அவன் வர்ற சத்தம் வருமா?"

"வராதுங்கய்யா."

மாரப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். கையில் இருந்த கரி முகமெல்லாம் அப்பிக்கொண்டது. ஹசீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"ஸ்டார்ட்டே பண்ணாம பூட்டி வெச்சிருந்தா, அந்தச் சத்தம் அப்படியே இருந்திருக்குமில்லீங்க அம்மிணி?"

"துரு தின்னிருக்குங்கய்யா. இது நீங்களும் அம்மாவும் கேட்டுத் தீர்ந்தது."