திங்கட்கிழமை முத்திரை

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவசரப்படாமல் கேளுங்கள். இந்தக் கதையில் அவசரப்பட வேண்டியவர்கள் யாரும் அவசரப்படவில்லை.

ஒரு மாவட்டத் தலைநகரில் பதினோரு அரசு அலுவலகங்கள் ஒரே வளாகத்தில் இருந்தன. அத்தனைக்கும் சேர்த்து வாசலை ஒட்டி ஒரே தபால் பிரிவு. எந்தக் காகிதமும் அங்கே தேதி முத்திரை வாங்கி, பதிவேட்டில் எண் ஏறிய பிறகுதான் உள்ளே நகரும். அதன் கண்காணிப்பாளர் மரகதவல்லி. கறாரானவள். அவள் காலத்தில் ஒரு கடிதம்கூடத் தொலைந்ததில்லை.

மனு வந்த தேதியிலிருந்து நாள் எண்ணித்தான் அலுவலகங்கள் பதில் தர வேண்டும். சாயங்காலம் வரும் தபாலால் ஒரு நாள் வீணாகிறதென்று பதினோரு அலுவலகமும் புலம்பின. ஆறு வருடங்களுக்கு முன் மரகதவல்லி அதற்கு வழி கண்டாள். பிற்பகல் மூன்று மணியானதும் முத்திரையை அடுத்த வேலை நாளுக்குத் திருப்பிவிடுவது. எழுத்தில் எந்த உத்தரவும் இல்லை, வாய்ச்சொல்தான். முத்திரை குத்தும் எழுத்தர் செம்மலை தயங்கினான். தகப்பன் பணியில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை அது. வீட்டில் ஐந்து பேருக்கு அந்த ஒரு சம்பளம்தான்.

"ரெஜிஸ்டர்ல என் கையெழுத்தில்ல இருக்கும், மேடம்?"

"நீ செய்யி. உன்மேல ஒரு பழியும் வராம நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் வசதி.

மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் தேதி. மூன்று மணி தாண்டி இருபது நிமிடம் இருக்கும். மாராயி என்பவள் நனைந்த சேலையோடு மனு கொண்டுவந்தாள். அரசுக் கிடங்கு ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டி அவள் வீடு. செம்மலை முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தான். அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு மரகதவல்லியின் மேசைக்கு வந்தாள்.

"ஏனுங்கம்மா, இன்னிக்கு ஒம்பதுதானுங்க? பன்னெண்டுன்னு குத்தியிருக்காங்க."

"அது அப்படித்தான். திங்கக்கிழமை மொதக் கட்டுல போயிரும்."

"செவுரு வூட்டுப் பக்கமா சாஞ்சிருச்சுங்க. மழ வேற வுடாமப் பேயுது."

"அதான் குடுத்துட்டீங்கல்ல, போங்க" என்றாள் மரகதவல்லி, தலை நிமிராமல்.

மாராயி போனபின் செம்மலைக்கு மனம் கேட்கவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு கட்டடப் பிரிவுப் பொறியாளரிடம் ஓடினான். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டான்.

"வாங்க மாட்டேங்கறாரு, மேடம். 'பன்னெண்டாந் தேதி முத்திரை போட்டத ஒம்பதாந் தேதியே எப்படிய்யா வாங்கறது? ஆடிட்ல நான் மாட்டணுமா'ங்கறாரு."

முத்திரையைப் பின்னுக்குத் திருப்ப ஒரு நொடி போதும். ஆனால் அதற்குள் பன்னிரண்டாம் தேதிக் கணக்கில் பதினேழு எண்கள் ஏறியிருந்தன; அவற்றுக்கு நடுவே ஒன்பதாம் தேதி வந்தால் பதிவேட்டின் வரிசை உதைக்கும். "சரி, வை" என்றாள் மரகதவல்லி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சுவர் விழுந்தது. உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மாராயியின் மகள் சுகந்தி அதன் அடியில் செத்தாள். பத்தொன்பது வயது. மறுநாள் காலை, சொன்னபடியே, மனு முதல் கட்டில் போனது.

விசாரணை வந்தது. பொறியாளர், மனு தன் கைக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி என்றார். பதிவேடும் அதையே சொன்னது. சுவர் விழுந்ததோ பதினொன்றாம் தேதி. ஆகவே மகள் செத்த பிறகு எழுதிய மனு இது என்று முடிவாயிற்று. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பிணத்தை வைத்துக்கொண்டு மனு எழுதியவள் என்று தண்ணீர்க் குழாயடியில் காது படப் பேசினார்கள். வெள்ளிக்கிழமையே கொடுத்தேன் என்று மாராயி அழுது பார்த்தாள். சீட்டைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். பன்னிரண்டு.

செம்மலையைக் கேட்டார்கள். "பதிவேட்டுல உள்ளபடிதாங்க" என்றான். கடைசியில் மரகதவல்லியை அழைத்தார்கள். அவள் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. வெள்ளிக்கிழமை என்று அவள் சொன்னால் மாராயி சொன்னது நிற்கும். ஆனால் ஆறு வருடமாக அரசுப் பதிவேட்டில் பொய்த் தேதி எழுதிய கை செம்மலையுடையது. வேலை போகும், வழக்கும் வரும். அந்த மனுவுக்காக ஓடியவனும் அவன் ஒருவன்தான். திங்கட்கிழமை என்று சொன்னால் அவன் பிழைப்பான். மகளைப் பறிகொடுத்தவள் சாகும்வரை பொய்க்காரி.

ஒரு பக்கம் செம்மலை அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். பெஞ்சின் ஓரத்தில் மாராயி.

சொல்லுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பதா, நடந்ததைச் சொல்வதா? மரகதவல்லி எதைச் செய்தால் சரி?

விடை: வாக்கே பெரிது என்பவர்கள், அவள் என்ன வாக்குக் கொடுத்தாள் என்று யோசிக்க வேண்டும். தேதியை மறைக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. பழி உன்மேல் வராது என்றாள். அதைக் காக்க ஒரே வழி, பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வது. மரகதவல்லி அதைத்தான் செய்தாள். மனு வெள்ளிக்கிழமை வந்தது, தேதியைத் திருப்பச் சொன்னது நான், செம்மலை என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன், அன்றே மனுவோடு ஓடியவனும் அவன்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். செய்தது சரிதான். ஆனாலும் இருவருக்கும் வேலை போயிற்று. வாய்ச்சொல் உத்தரவைச் சட்டம் உத்தரவாக ஏற்கவில்லை. பொறியாளர் எனக்கு நினைவில்லை என்று சொல்லித் தப்பிவிட்டார். அவள் வெளியே வந்தபோது மாராயி வழியில் நின்றிருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்தாள் மரகதவல்லி. மாராயி கேட்டது இதுதான்: "அப்ப, தெரிஞ்சேதான் எம் புள்ளயச் சாக வுட்டீங்களாம்மா?" இந்தக் கேள்விக்கு விடை கேட்டு என்னிடம் வராதீர்கள்.