பருந்து பேசாத பக்கங்கள்

கராத்தே மாஸ்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் பயிலும் குலசேகரனுக்கு ஐம்பத்தொன்று. சிஷ்யர் குருவை மாஸ்டர் என்பார், குரு சிஷ்யரை சார் என்பார். திண்டுக்கல்லில் யாரும் இதை வினோதமாக நினைக்கவில்லை.

குலசேகரன் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர். ஊரார் எலும்பையெல்லாம் உற்றுப் பார்ப்பார். வீட்டில் இருப்பவள் முகத்தைப் பார்க்க மட்டும் நேரம் கிடைக்காது. மனைவி வாசுகி கோபித்துக்கொண்டு பழநியில் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆயிற்று. பிளாக் பெல்ட் தேர்வு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் இருந்தார். அங்கேயே ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேரப்போகிறாள், இனி திரும்பமாட்டாள் என்று செய்தி வந்தது. அப்போதும் போகவில்லை.

மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியும். கேட்டதில்லை.

ஒருநாள் காலை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, குலசேகரன் பையிலிருந்து ஒரு பழைய காமிக்ஸை எடுத்தார். அட்டையில் முகமூடி போட்ட ஒருவன் காலைத் தூக்கிக்கொண்டு பறந்தான்.

"என்ன சார் இது?"

"மின்னல் பருந்து, மாஸ்டர். ஏழாவது படிக்கும்போது படிச்சது. கராத்தே ஆசையே இதுலதான் வந்துச்சு. போன வாரம் பழைய புத்தகக் கடையில மாட்டுச்சு."

"நல்லதுதானே?"

"என்னத்த நல்லது? அறுபத்து நாலு பக்கத்துல சண்டை எட்டே பக்கம். மீதியெல்லாம் காதல். ஒரு படத்துல அவனுக்கு ஆறு விரல் வேற. இந்தக் குப்பையை நம்பியா நான் முட்டியைத் தேய்ச்சேன்? பேசாம தேர்வே வேணாம்னு தோணுது."

"அப்போ மட்டும் எப்படிப் பிடிச்சுது?"

குலசேகரன் யோசித்தார்.

"நாலு பேர் ஒரே புத்தகத்துக்குள்ள தலையை விட்டுப் படிப்போம் மாஸ்டர். பொண்ணு படம் வந்தா 'தள்ளுடா, தள்ளுடா'ன்னு கத்துவானுங்க. பக்கம் புரட்டுறது நான்தான். நாலஞ்சு பக்கத்தைச் சேர்த்துப் பிடிச்சுத் தள்ளிருவேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. தரை விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"தள்ளின பக்கத்தை இப்போ படிப்போம். பொண்ணு பேசுறதை நான் படிக்கிறேன். பருந்து பேசுறதை நீங்க படிங்க."

"மாஸ்டர், இந்த வயசுல..."

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான்.

"'சாப்பிட்டீர்களா?'" என்று மாஸ்டர் படித்தார்.

குலசேகரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"பருந்துக்கு வசனம் இல்லை மாஸ்டர். மூணு புள்ளி வச்சிருக்கான்."

"சரி. 'நேற்று வருவதாகச் சொன்னீர்களே?'"

"மூணு புள்ளி."

"'தோளில் என்ன காயம்? யார் அடித்தது?'"

"இங்கயும் புள்ளிதான்."

"வில்லன்கிட்ட எப்படி?"

குலசேகரன் புரட்டிப் பார்த்தார். "வில்லன்கிட்ட அரைப் பக்கம் பேசுறான்."

மாஸ்டர் திரும்பவும் அந்தப் பெண்ணிடம் வந்தார். ஒவ்வொரு கேள்வியாக, அவசரப்படாமல் படித்தார். ஒவ்வொன்றுக்கும் குலசேகரன் புள்ளி என்றார். முதலில் அவருக்கே சிரிப்பாக இருந்தது. போகப் போகக் குரல் இறங்கியது.

"'நான் இந்த ஊரை விட்டுப் போகட்டுமா?'"

குலசேகரன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன சார்? இதுக்கும் புள்ளியா?"

"புள்ளிதான் மாஸ்டர்." அவர் புத்தகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

வெளியே பால் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"வாசுகி கேட்டா மாஸ்டர். 'நான் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கிறது உங்களுக்குத் தெரியுதா'ன்னு கேட்டா. நான் பையை எடுத்துக்கிட்டு வகுப்புக்கு வந்துட்டேன்."

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தெரியாம என்ன மாஸ்டர்? இன்னைக்கும் ரெண்டு பேருக்கு அரிசி களைஞ்சு வச்சுட்டு முழிக்கிறேன். வாசல்ல என் செருப்பு மட்டும் கிடக்குது, பார்க்கவே பிடிக்கலை. பூட்டைத் திறந்து உள்ளே போகவே பயமா இருக்கு. அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடலை மாஸ்டர். அவ வேணும் எனக்கு."

குலசேகரன் அழுதார். மறைக்கவும் இல்லை.

மாஸ்டர் காமிக்ஸை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"இதையெல்லாம் எதுக்கு சார் என்கிட்ட சொல்றீங்க? கேட்டது நான் இல்லையே."