ஆச்சு

நல்லபெருமாள், கட்டிக்கொடுத்த மகளைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். ஒரு நாவலைப் படித்துவிட்டுச் செய்த காரியம்.

மலையடிவாரத்து மடத்தில் சாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நல்லபெருமாளைவிட வயதில் இளையவர். வாயில் மட்டும் மூத்தவர்.

"மாப்பிள்ளைக்கு இன்னொரு குடும்பம் இருக்கு, சாமி."

"பார்த்தீரா?"

"பார்க்கல. படிச்சேன்."

சாமி நிமிர்ந்தார்.

பழைய நாவல். நொடித்துப்போன ஜமீன் வாரிசு சிங்கராயன்தான் நாயகன். யாருக்கும் முகம் கொடுக்க மாட்டான். வீடு திரும்பியதும் மனைவி சாப்பிட்டாச்சா என்பாள். "ஆச்சு" என்பான். திரும்பிப் படுத்துக்கொள்வான்.

இருபது வயதில் அந்த ஒற்றைச் சொல்லில் நல்லபெருமாள் சொக்கிப்போனார். ஆம்பளை என்றால் இப்படி இருக்கணும் என்று அவரும் பேசாமல் திரிந்தார். வயிறு சரியில்லை போல என்று அம்மா பேதிக்குக் கொடுத்தாள்.

ஐம்பத்தெட்டில் மறுபடி படித்தார். சந்தேகம் தட்டியது. வீட்டில் சாப்பிடாதவன் வேறு எங்கே சாப்பிட்டான்?

போன வாரம் மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளையிடமும் அதே "ஆச்சு". அதே திரும்பல். மூன்றாம் நாள் மகளைப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்.

"சட்டையை மோந்துகூடப் பார்த்தேன், சாமி. ஒண்ணும் சிக்கல. கெட்டிக்காரன்."

"ஓய், சிங்கராயன் வீட்டுப் பானையில எவ்வளவு சோறு இருந்துது?"

"நாவல்ல சோறா முக்கியம்?"

"போய்ப் பானையைப் பாரும்."

மூன்றாம் முறை படித்தார். இரண்டு தடவையும் தாண்டிப்போன பத்தி அது. சிங்கராயன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். உள்ளே மனைவி பானையைச் சாய்த்துச் சுரண்டும் சத்தம். அதற்கப்புறம்தான் "ஆச்சு".

மகளைக் கூப்பிட்டு, அங்கே அரிசி எப்படி என்று கேட்டார். அவர் வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து ராத்திரிக்கு ஒரு ஆள் சோறுதான் என்றாள். சொன்ன பிறகுதான், அதைத் தினமும் தான் மட்டுமே சாப்பிட்டது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை அவள் இல்லை. அரிசி மூட்டையும் இல்லை.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனார். போனவர் ஜன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்த்தார். புத்தி அவ்வளவு சீக்கிரம் விடுமா?

உள்ளே இரண்டு தட்டு. மாப்பிள்ளை அப்போதுதான் வந்தார். மகள் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை.

"உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்.

நல்லபெருமாள் மடத்துக்கு வந்து, எல்லாம் உங்களால்தான் என்று காலில் விழப் போனார். சாமி காலை இழுத்துக்கொண்டார்.

"நான் சோத்தைப் பத்திக் கேட்டேன். அவனை உட்கார வச்சது யாரு?"

நல்லபெருமாள் நிமிர்ந்தார்.

"என் மக. செண்பகவல்லி."