கன்னத்தில் ஒரு கறுப்பு

"டீச்சர், இதுல கண்ணீரை எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

மாசிலாமணி வந்ததும் வராததுமாய்க் கேட்டார். கையில் அவர் வரைந்த படம். கொழுகொழுவென்று ஒரு நாய்க்குட்டி, சோப்புக் குமிழிக்குள் சுருண்டு படுத்திருந்தது.

மாசிலாமணிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. அவர் டீச்சர் என்று கூப்பிட்ட மெஹருக்கு முப்பதுகூட ஆகவில்லை. மதுரையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து உருண்டைக் கண் பூனைகளாக வரைந்து தள்ளுகிறவள். பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டு, கொஞ்சம் நின்று, பேசாமல் போவார்கள். வித்தைக்கு வயது ஏது?

"கண்ணீர் எதுக்குண்ணே?"

"கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கிற அம்மா பார்த்துட்டுச் சிரிச்சாங்க. பிஸ்கட் பாக்கெட்டுல வர்ற ஸ்டிக்கர் மாதிரி இருக்காம். நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பார்ப்பாங்க. அப்பவும் சிரிச்சா படம் வெளிய. ஜப்பான்லயும் கொரியாவுலயும் இப்படிப் பொம்மை வரைஞ்சா பெரிய பெரிய அர்த்தம் சொல்றாங்க. நான் வரைஞ்சா ஸ்டிக்கர்!"

அவர் மகள் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வரைந்த குட்டி அது. வேறு எதையும் வரைய அப்போது அவருக்குத் தெம்பில்லை. அதைப் பார்த்து ஒருவர் சிரித்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"குட்டி அழணும் டீச்சர். மூக்குல ஒரு குழாய். குமிழியில கொஞ்சம் ரத்தம். அப்பத்தான் இவங்களுக்குப் புரியும்."

மெஹர் படத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பாப்பா போட்டோ காட்டுங்க."

மனுஷனுக்குக் கோபத்தை மறக்க அது ஒன்று போதாதா? போனை எடுத்து நீட்டினார்.

"அடி என் தங்கமே! கன்னத்தைப் பாரு, பன்னு மாதிரி. ஆமா, இவ்வளவு அழகு மூஞ்சியில எதுக்குண்ணே இப்படிக் கறுப்பை அப்பி வச்சிருக்கீங்க?"

"திருஷ்டிப் பொட்டு டீச்சர். வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததுலருந்து நான்தான் வைக்கிறேன். இத்தனை பெருசாவான்னு வீட்டுக்காரி திட்டுவா."

"ஏன் அத்தனை பெருசு?"

மாசிலாமணி போனிலிருந்த பொட்டை விரலால் தடவினார். கண் கலங்கியது.

மெஹர் மேசையிலிருந்த சிவப்பு வண்ணத்தையும் நீலத்தையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கறுப்பை மட்டும் விட்டுவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் வந்தார். படத்தருகே குனிந்தார்.

நாய்க்குட்டியின் கன்னத்தில், மூக்கைவிடப் பெரிதாய், சற்றே கோணலாய், ஒரு கறுப்புப் பொட்டு.

சிரிப்பு நின்றது. அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

மாசிலாமணி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குழந்தை," என்று மெல்லக் கேட்டார் அந்த அம்மா, "இப்ப நல்லாயிருக்கா?"

"நேத்துக் குப்புற விழுந்துட்டாம்மா!" என்றார் மாசிலாமணி.