சிலம்பன் காதுக்குக் கதவு வைத்த தவளை

அந்தக் காலத்தில் தவளையும் மனிதனும் ஒரே கிணற்றடியில் நின்று ஊர்வம்பு பேசுவார்கள். அப்போது மனிதனின் காது உள்பக்கம் அடைத்த அறை. வாசலில் ஒரு மெல்லிய தோல், உள்ளே கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். தரையில் திரிகிறவனுக்கு அது போதும். முத்துக் குளிக்கிறவனுக்குப் போதாது. ஆழத்தில் தண்ணீர் அந்தத் தோலை உள்ளே அழுத்தும். எதிர்த்துத் தள்ள உள்ளே ஆளில்லை. வலியில் உயிர் போகும்.

சிலம்பன் அப்படி வலியோடு முத்துக் குளித்துவந்தவன். சந்தேகம் அவனோடு கூடப் பிறந்தது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பான், சரி. பெண்டாட்டி சோறு போட்டால் பானைக்குள்ளும் எட்டிப் பார்ப்பான். அப்படிப்பட்டவனும் தோணியில் தன் கயிற்றைப் பெண்டாட்டியின் தம்பி கொற்றன் கையில்தான் கொடுத்திருந்தான். முத்துக் குளிப்பில் அதுதான் வழக்கம். அடியில் இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அக்காள் தாலி போக எந்தத் தம்பியும் விடமாட்டான்.

ஒருநாள் சிலம்பன் கிணற்றடியில் தவளையை மடக்கினான்.

"நீயுந்தான் முங்குற. ஒனக்கு மட்டும் காது வலிக்கலியா?"

"எனக்கெதுக்கு வலிக்கும்? என் வாய்க்குள்ள பாரு. இங்கருந்து காதுக்கு ஒரு வழி இருக்கு. வெளிய தண்ணி தள்ளுனா, உள்ள காத்து தள்ளும்."

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தாயேன். பதிலுக்கு என்ன கேப்ப?"

"ஒண்ணும் வேண்டாம்."

அதுவே அவனுக்கு உறுத்தியது. சும்மா யார் எதைச் செய்வார்கள்? ஆனாலும் வலிக்குப் பயந்து வாயைத் திறந்தான். தவளை தன் நீண்ட நாக்கை விட்டு, மூக்கின் பின்புறத்திலிருந்து இரண்டு காதுக்கும் வழி துளைத்தது.

வீடு திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டது. 'உஸ்... உஸ்...' என்று யாரோ முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டார்கள். திரும்பினால் ஆளில்லை. "யாருல அது?" என்றால் அதே கேள்வி காதுக்குள் முழங்கியது. எவனோ நக்கல் செய்கிறான் என்று முடிவு கட்டினான்.

மறுநாள் தோணியிலும் அதே மூச்சு. திரும்பினான். கொற்றன் கயிற்றோடு நின்றான்.

"ஏம்ல என் முதுகுக்குப் பின்னாலயே நிக்க?"

"கயிறு பிடிக்கவன் வேற எங்க நிக்க, மச்சான்?"

பதில் சரிதான். அவ்வளவு சரியாக இருந்ததுதான் சிலம்பனுக்குச் சந்தேகமாக இருந்தது. முத்தின் மேல் கண் வைத்துவிட்டான், நம்மை அடியிலேயே விட்டுவிடப் பார்க்கிறான் என்று பட்டது. கயிற்றைப் பிடுங்கித் தோணியின் குறுக்குக் கட்டையில் கட்டினான். "நீ இதத் தொட்டேன்னா ஒனக்கும் எனக்கும் ஒறவே கெடையாது" என்று சொல்லிவிட்டுக் குதித்தான்.

காதில் வலியே இல்லை. இதுவரை போகாத ஆழத்துக்குப் போனான். சிப்பியை அள்ளி அள்ளி இடுப்பு வலையில் திணித்தான். மூச்சு முட்டியதும் வழக்கம்போலக் கயிற்றை அசைத்தான். அசைத்த பிறகுதான் கட்டை இழுக்காது என்பது உறைத்தது. சுமை கீழே இழுத்தது. கொற்றன் பின்னால் நிற்கக்கூடாதா என்று முதல்முறையாக ஏங்கினான்.

கயிறு மேலே போகத் தொடங்கியது.

தோணியில் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கியபடி, "தொடாதேன்னேனே" என்றான்.

"அத எங்கக்காகிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கொற்றன் முன்னால் போய்த் துடுப்பைப் பிடித்தான்.

சிலம்பன் பின்பலகையில் முதுகைச் சாய்த்தான். உஸ்... உஸ்... பின்னால் பலகை, அதற்கும் பின்னால் கடல். அவன் மூச்சை அடக்கினான். சத்தம் நின்றது. மூச்சை விட்டான். சத்தம் வந்தது. தவளை போட்ட வழியாகக் காதுக்குள் வந்த தன் மூச்சையேதான் கொலைகாரன் என்று நினைத்திருக்கிறான். வெட்கத்தில் அவனால் கொற்றனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கரையேறியதும் தவளையிடம் ஓடினான். "இந்த வழிய அடச்சிரு."

"அடச்சா பழையபடி வலிக்கும். ஒரு கதவு வைக்கேன். எப்பவும் மூடியே கெடக்கும். எச்சி முழுங்குனா, கொட்டாவி விட்டா, கொஞ்சம் தெறந்து காத்த மாத்திட்டு மூடிக்கிடும்."

"தெறக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சிக்க?"

"நீ கேக்காம இருப்பியா? வாய மூடி, மூக்கப் பிடிச்சி, மெல்ல ஊது. 'டப்'புன்னு கேட்டா தெறக்குன்னு அர்த்தம். முங்கும்போதும் அப்படியே ஊதிக்கிட்டே போ. முரட்டுத்தனமா ஊதுனா தோலு கிழிஞ்சிரும், பாத்துக்கோ."

தவளை கதவை வைத்தது. சிலம்பன் ஊதினான். டப். நம்பிக்கை வராமல் மறுபடியும் ஊதினான். டப். மூச்சுச் சத்தம் போயே போய்விட்டது. கடற்கரைப் பேச்செல்லாம் தெளிவாகக் கேட்டது. நேராகக் கொற்றனிடம் போய்க் கயிற்றை நீட்டினான். "நீயே பிடி, மாப்ள" என்றான். கொற்றன் வாங்கிக்கொண்டான்.

அன்று முதல்தான் மனிதனின் காதுக்குள் அந்தக் கதவு மூடிக் கிடக்கிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் திறக்கிறது. கடலில் இறங்குகிறவன் மூக்கைப் பிடித்து ஊதிப் பார்க்கிறான். தவளைக்கு மட்டும் வழி இன்றும் திறந்தே கிடக்கிறது. அதற்கு யார்மேலும் சந்தேகம் இல்லை.